பணம் டெல்லியில், நேரம் சென்னையில்: அரசு மருத்துவமனைகளின் ஆராய்ச்சி மருத்துவர்களுக்காக ஒரு திறந்த மடல்

மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் செயலாளரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தலைமை இயக்குநருமான தங்களுக்கும், தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

இரண்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் ஆராய்ச்சி செய்வதற்கான பணம் பெரும்பாலும் டெல்லியிலிருந்து வருகிறது. அதைச் செய்வதற்கான நேரமோ சென்னையின் கையில் இருக்கிறது. பணம் கொடுப்பவர் எங்கள் நேரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நேரத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் பணம் வந்த செய்தியே பல சமயம் எட்டுவதில்லை. நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு நோயைப் பற்றிய கேள்விகளுக்கு விடையும் தேடும் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் உருவாகாமல் போவது இந்த இடைவெளியில்தான். இரு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைத் தீர்க்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எங்களிடம் என்ன கேள்விகள் இருக்கின்றன என்பதை முதலில் சொல்கிறேன்.

மழை தொடங்கி வயல் வேலை மும்முரமாகும் மாதங்களில் பாம்புக் கடி வாங்கியவர்கள் இரவு பகலாக வருகிறார்கள். ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் அவர்கள் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கிறோம். உறையவில்லை என்றால் பெரும்பாலும் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன். விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்குகிறோம். அதற்கு அடுத்த மணி நேரங்களில் எழும் கேள்விகள் பலவற்றுக்கு எங்களிடம் உறுதியான விடை இல்லை. முதலில் ஏற்றிய குப்பிகளுக்குப் பின் இன்னும் எத்தனை வேண்டும்? சிறுநீர் குறையத் தொடங்கியவருக்கு மேலும் மருந்து ஏற்றுவது சிறுநீரகத்தைக் காப்பாற்றுமா? கண்ணாடி விரியனின் விஷமே ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. அப்படியானால் நாடு முழுவதும் ஒரே மருந்து, ஒரே அளவு என்பது எந்த அளவுக்குச் சரி? நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிரான மருந்துதான் நம்மிடம் இருக்கிறது. மலையோரப் பகுதிகளில் கடிக்கும் மூக்கு விரியனுக்கு அது வேலை செய்வதில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கக்கூடும் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். பாஸ்டனிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு பேராசிரியர் இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடித்து நமக்கு அனுப்பப் போவதில்லை. அவர்களிடம் நோயாளிகளே இல்லை. நோயாளிகள் எங்கள் வார்டில் இருக்கிறார்கள். விடையும் அந்த வார்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

பூச்சிமருந்து நஞ்சிலும் இதே நிலை. ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சுக்குத் தரப்படும் பிராலிடாக்சிம் என்ற மருந்தைப் பற்றி மகாராஷ்டிரத்தின் பார்சி என்ற சிறு நகரத்து மருத்துவமனை 200 நோயாளிகளிடம் ஆய்வு செய்து, அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் பலன் இருக்கிறது என்று 2006-ல் சொன்னது. 2009-ல் இலங்கையில் 235 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் பலன் தென்படவில்லை. இரண்டையும் படித்துவிட்டு வார்டுக்குள் போகும் பயிற்சி மருத்துவர் என்னிடம், "கொடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்லத் தெளிவான பதில் இல்லை. இந்த இழுபறியைத் தீர்க்கப் போதுமான நோயாளிகள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சேர்கிறார்கள். ஆய்வு நடத்த ஆள்தான் இல்லை.

மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கென்று நேரம் ஒதுக்கப்பட்ட மருத்துவர் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. 1956-ல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைக்க வேண்டும், நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. தாம்பரம் சானடோரியம் என்று இன்றும் ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயர் இருப்பது அந்தக் காலத்தின் எச்சம். சென்னையின் நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளை ஆய்வில் சேர்த்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு அதே மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, இடம் குறைவு. ஆனாலும் மாத்திரை வேலை செய்தது. கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளியானது. காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை என்பது உலகெங்கும் நடைமுறையாவதற்கு அடித்தளம் இட்டது அந்த ஆய்வு.

அந்த ஆய்வின் முடிவைப் பலரும் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அந்த மையத்தின் மருத்துவர்களுக்கு அதுதான் முழுநேர வேலை. செவிலியர்கள் முன்னறிவிப்பில்லாமல் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். புள்ளியியலாளர்கள் முதல் நாளிலிருந்து உடன் இருந்தார்கள்.  மாநில அரசும் மத்திய அமைப்பும் ஒரே திட்டத்தில் பங்காளிகளாக இருந்தன. 1956-ல் சென்னையில் செய்து காட்டியதைத்தான் இப்போது மறுபடியும் கேட்கிறேன். அந்த மையம்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பரவுகிறது. அக்குளிலோ இடுப்பிலோ ஒரு சிறு கருகிய வடு இருக்கும். ஆடையை விலக்கிப் பார்க்காவிட்டால் தவறிவிடும். முற்றினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்பட்டு உயிர் போகும். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் பழைய மருந்துகள், விலை மலிந்தவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று முறையாகச் சோதித்தவர்கள் இல்லாமல் இருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மையங்களில், நோய் முற்றிய சுமார் 800 பேரிடம் அந்த ஆய்வு நடந்தது. முடிவு 2023-ல் வெளியானது. இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். தனி மருந்து பெற்ற இரு பிரிவுகளிலும் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இவற்றில் ஒன்றாவது இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் வேறுபாடு இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்று சிகிச்சை மாறியிருக்கிறது. அதற்காகக் கூடுதலாகப் பெரிய செலவு எதுவும் இல்லை.

எந்த மருந்து நிறுவனமும் இந்த ஆய்வுக்குப் பணம் போட்டிருக்காது. இரண்டு மலிவு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் யாருக்கும் லாபம் இல்லை. பணம் கொடுத்தது இந்தியா அலையன்ஸ். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய அமைப்பு அது. அதன் சிறப்பு, உதவித்தொகையைத் தனி மனிதர் ஒருவரை நம்பிப் பல ஆண்டுகளுக்குக் கொடுப்பதுதான். 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான இந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த உதவித்தொகையைப் பெற்று அதன் பலனை முழுதாக எடுக்க, மருத்துவரைத் தாங்கிப் பிடிக்கும் நிறுவனம் வேண்டும். வேலூரில் அது தலைமுறைகளாக வளர்ந்திருக்கிறது. ஏழை நோயாளிகள் பெரும் எண்ணிக்கையில் வந்து சேரும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது இல்லை.

என்னோடு பணியாற்றிய ஓர் இளம் உதவிப் பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர், பெயர், ஆராய்ச்சி மானியம் கொடுத்த அமைப்பு எதையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. பாம்புக் கடியில் சிறுநீரகம் செயலிழப்பதை முன்கூட்டியே கண்டறிவது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நல்ல கேள்வி, தெளிவான திட்டம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்தது, மானியமும் கிடைத்தது. காலையில் ஓ.பி., பிறகு வார்டு, மாணவர்களுக்கு வகுப்பு, முறை வைத்து இரவு டியூட்டி, கலெக்டர் ஆபீஸ் கூட்டங்கள், காப்பீட்டுத் திட்டக் கோப்புகள் எல்லாம் முடிந்த பிறகு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஆய்வுப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தில் சேர்ந்த ஆய்வுச் செவிலியருக்குப் பல மாதம் சம்பளம் வரவில்லை. அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிதாக ஒருவரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து முடிக்கும்போது பதவி உயர்வு வந்தது. பதவி உயர்வோடு பணியிட மாற்றமும் வந்தது. போன இடத்தில் அந்தத் துறையில் உறைகுளிர்ப் பெட்டி இல்லை. சேகரித்த இரத்த மாதிரிகள் பழைய கல்லூரியில், ஆய்வாளர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி. பெயரளவுக்கு இன்னொருவர் முதன்மை ஆய்வாளர் ஆனார். மீதிப் பணம் பயன்பாட்டுச் சான்றிதழோடு திரும்பிப் போனது.

இதில் யாரும் தவறு செய்யவில்லை. அதுதான் என்னை வருத்துகிறது. மானியம் கொடுத்தவர்கள் விதிப்படி கொடுத்தார்கள். மாற்றம் போட்டவர்கள் விதிப்படி போட்டார்கள். கல்லூரி முதல்வர் நல்லவர், தன்னால் ஆனதைச் செய்தார். அந்த இளைஞர் இன்று மிகச் சிறந்த மருத்துவர், மாலையில் தனியாக மருத்துவம் பார்க்கிறார். ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. ஆனால் விளைவை அளந்திருக்கிறார்கள். 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் வெளியிட்ட கட்டுரைகளை டாக்டர் சமீரன் நந்தியும் அவரது குழுவினரும் எண்ணிப் பார்த்தார்கள். 332 நிறுவனங்கள், அதாவது 57.3 சதவீதம், பத்தாண்டுகளில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. 25 நிறுவனங்கள் மட்டும் நாட்டின் மொத்தக் கட்டுரைகளில் 40.3 சதவீதத்தைத் தந்தன. எண்ணிக்கை இப்போது மாறியிருக்கும். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி வந்த பிறகு கட்டுரைகள் பெருகிவிட்டன. விதிக்காக எழுதப்படும் கட்டுரை எதுவும் ஒரு நோயாளிக்கும் உதவியதை நான் பார்க்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் இதழ்களுக்கு எங்கள் ஆசிரியர்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டுகிறார்கள். நேரம் கொடுக்காமல் கட்டுரை மட்டும் கேட்டால் வேறு என்ன கிடைக்கும்?

டெல்லி அலுவலகத்திடம் திட்டங்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கான குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகை 1979 முதல் இருக்கிறது. என் மாணவர்கள் பலருக்கு ஆராய்ச்சியில் முதல் ஆசையை ஊட்டியது அதுதான். இளம் மருத்துவ ஆசிரியர்கள் பி.எச்டி. படிக்க உதவும் திட்டம் வந்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகள் நிறுவப்பட்டு நல்ல கருவிகள் வாங்கப்பட்டிருக்கின்றன. சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி முறைகள் பற்றிய இணையப் படிப்பை நாடு முழுவதும் மருத்துவ ஆசிரியர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் படிக்கிறார்கள். நல்ல படிப்பு. ஆனால் படித்து முடித்தவர் திரும்பிப் போவது அதே ஓ.பி.க்குத்தான். கருவி இருக்கிறது, முறை தெரிந்திருக்கிறது, பணம்கூட வந்துவிடுகிறது. வாரத்தில் எந்த நாள் அவர் அந்தக் கருவியின் முன் உட்காருவார் என்ற கேள்விக்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை.

மற்ற நாடுகள் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லியிருக்கின்றன. 1979-லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் வின்கார்டன், ஆராய்ச்சி மருத்துவர்கள் அருகிவரும் உயிரினம் ஆகிவிட்டார்கள் என்று எச்சரித்தார். பின்னாளில் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்துக்கே தலைவரானவர் அவர். இன்று அங்கே இளம் ஆராய்ச்சி மருத்துவர்களுக்கான கே-08, கே-23 மானியங்களைப் பெறுபவர் தன் பணி நேரத்தில் பொதுவாக 75 சதவீதத்தை ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். அதற்கு அவருடைய மருத்துவமனை உத்தரவாதம் தர வேண்டும். தராவிட்டால் மானியம் இல்லை. இங்கிலாந்தில் பட்டமேற்படிப்புப் பயிற்சியின்போதே ஆராய்ச்சிப் பாதையைத் தேர்ந்தெடுப்பவருக்கு நேரத்தில் 25 சதவீதமும், அடுத்த படியில் 50 சதவீதமும் ஆய்வுக்கென்று ஒதுக்குகிறார்கள். அவர்கள் பணக்கார நாடுகள், உண்மைதான். ஆனால் நேரத்தை ஒதுக்கும் விதியை எழுதுவதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது அமெரிக்காவின் அளவுகூட இல்லை. மானியம் பெற்ற மருத்துவருக்கு, மானியக் காலம் முழுவதும், வாரத்தில் இரண்டு முழு நாட்கள். அந்த நாட்களில் ஓ.பி. இல்லை, டியூட்டி இல்லை, கூட்டம் இல்லை. அவர் இடத்தில் வேலை பார்க்க ஒரு மாற்று மருத்துவருக்கான சம்பளத்தை மானியத்திலேயே சேர்க்க வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் சிறு மானியங்களே இப்போது 2 கோடி ரூபாய் வரை போகின்றன. அதில் ஒரு மருத்துவரின் ஒப்பந்தச் சம்பளம் சிறு பங்குதான். நிலையான பணியில் இருப்பவரின் சம்பளத்துக்கு மானியத்தில் இடமில்லை என்ற விதியின் நோக்கம் புரிகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு சம்பளம் போய்விடக் கூடாது என்பது அது. நான் கேட்பது அவருக்கான சம்பளத்தை அன்று. அவர் விட்டுச்செல்லும் இரண்டு நாள் வேலைக்கான சம்பளத்தை.

அந்தப் பணத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டு ஆளை நியமிக்கவும் வேண்டும். அதனால்தான் இரு துறைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். மானிய விண்ணப்பத்தோடு கல்லூரி முதல்வர் கையெழுத்திடும் ஒப்புதல் கடிதம் ஒன்று இப்போதும் போகிறது. அதில் கல்லூரியின் வசதிகளைப் பயன்படுத்தலாம் என்று இருக்கும். முதல்வரால் பணியிட மாற்றத்தை நிறுத்த முடியாது, மாற்று ஆளை நியமிக்கவும் முடியாது. அந்த அதிகாரம் உள்ள மருத்துவக் கல்வி இயக்குநரகம் கையெழுத்திடும் கடிதமாக அது மாற வேண்டும். "இந்த மருத்துவரை இத்தனை ஆண்டுகள் இந்த இடத்தில் வைத்திருப்போம், வாரத்தில் இரண்டு நாள் விடுவிப்போம்" என்று இரண்டு வரி போதும். கடிதம் இல்லாவிட்டால் மானியம் இல்லை என்று டெல்லி உறுதியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் மாநிலங்கள் கையெழுத்திடும். வரும் பணத்தை விட எந்த மாநிலத்துக்கும் மனம் வராது.

மாநிலச் செயலாளர் அவர்கள் இதைப் படித்ததும் என்ன கேட்பார்கள் என்று தெரியும். தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் 11 ஒரே நாளில், 2022 ஜனவரியில் திறக்கப்பட்டவை. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பவே திண்டாட்டம். ஓ.பி. வாசலில் வரிசை நிற்கும்போது மருத்துவரை ஆராய்ச்சி அறைக்கு அனுப்புவது நியாயமா?

நியாயமான கேள்வி. அந்த வரிசையை நானும் தினமும் பார்க்கிறேன். 36 கல்லூரிகளிலும் எல்லோரையும் விடுவிக்கச் சொல்லவில்லை. தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் முப்பது நாற்பது பேர் தேறினாலே பெரிய காரியம். ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் பணியாற்றும் துறையில் அது ஓ.பி. வரிசையை நீட்டிவிடாது. பட்டமேற்படிப்பு முடித்துக் கட்டாயப் பணிக்காலத்தில் இருக்கும் இளம் மருத்துவர்களை மாற்றுப் பணிக்கு அமர்த்தலாம். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 1959-ல் சேத்துப்பட்டில் கிடைத்த விடை எத்தனை சானடோரியப் படுக்கைகளுக்கான தேவையை இல்லாமல் ஆக்கியது! வரிசையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, அந்த வரிசையில் நிற்பவர்களிடமிருந்தே கற்றுக்கொள்வது.

தமிழ்நாடு அரசுக்கு இதில் அனுபவம் இல்லாமலும் இல்லை. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்த உடனேயே எடை, ஆக்ஸிஜன் அளவு, எழுந்து நிற்க முடிகிறதா என்பது போன்ற எளிய அளவுகோல்களை வைத்து ஆபத்தான நோயாளிகளைப் பிரித்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மாநிலக் காசநோய்ப் பிரிவும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. அரசுச் செவிலியர்களும் களப்பணியாளர்களும் தங்கள் அன்றாடப் பணிக்குள்ளேயே செய்தது. மத்திய நிறுவனத்தின் அறிவும் மாநிலத்தின் ஆள்பலமும் ஒன்று சேர்ந்தால் என்ன முடியும் என்று நாட்டுக்கே காட்டியது அது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். யார் மாத்திரையைத் தொடர்கிறார்கள், யார் நிறுத்துகிறார்கள், எந்த முறையில் சொன்னால் தொடர்வார்கள் என்று முறையாகச் சோதித்தறிய இவ்வளவு பெரிய வாய்ப்பு வேறு எங்கே இருக்கிறது?

திண்டுக்கல்லையும் மறக்கக் கூடாது. அந்த மாவட்டத்துப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, பயிற்சி பெற்ற செவிலியர்கள் அமிலக் கரைசலைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். சோதனை நடந்த கிராமங்களில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதமும் குறைந்ததை 2007-ல் வெளியான முடிவு காட்டியது. ஆய்வில் பங்கெடுத்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். உழைத்தவர்கள் நம் ஊர்ச் செவிலியர்கள். பணம் அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளை வழியாக வந்தது. அந்த உதவிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் நம் பெண்களின் உயிர் பற்றிய கேள்விக்கு முதலில் பணம் போட வேண்டியது யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் பங்கு சுமார் 3,900 கோடி. முந்தைய ஆண்டை விட இது அதிகம் என்பதை மறுக்கவில்லை. நூறு ரூபாயில் நான்கு ரூபாய்.

செவிலியர்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஆய்வுக்கு மருத்துவரைவிட அவசியமானவர் ஆய்வுச் செவிலியரும் தரவுகளைப் பார்த்துக்கொள்பவரும். ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாக ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, திட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கற்றது எல்லாம் அவரோடு போய்விடுகிறது. ஒவ்வொரு பல்துறை ஆராய்ச்சிப் பிரிவிலும் ஓர் ஆய்வுச் செவிலியர், ஒரு புள்ளியியலாளர், ஒரு தரவு அலுவலர் ஆகியோருக்கு நிரந்தரப் பணியிடம் உருவாக்க வேண்டும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை.

பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் நூலக அலமாரிக்குப் போய்ச் சேர்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஐம்பது நூறு நோயாளிகளை வைத்து எழுதுவதற்குப் பதிலாக, பத்துக் கல்லூரிகளின் மாணவர்கள் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரே முறையில் தகவல் சேகரித்தால் எப்படி இருக்கும்? விஷமுறிவு மருந்தின் அளவு பற்றிய கேள்விக்கு மூன்று ஆண்டுகளில் விடை கிடைத்துவிடும். பல்கலைக்கழகம் அனுமதித்தால் போதும், கூடுதல் செலவே இல்லை.

இவை எல்லாம் ஒரே நாளில் நடக்காது என்பது தெரியும். புதிய பணியிடங்களுக்கு நிதித் துறை ஒப்புதல் வேண்டும், மானிய விதிகளை மாற்றக் குழு கூட வேண்டும். ஒன்றை மட்டும் இந்த ஆண்டே செய்ய முடியும். மருத்துவ ஆசிரியர்களின் அடுத்த பணியிட மாற்றக் கலந்தாய்வுக்கான நெறிமுறைகளை மாநிலத் துறை வெளியிடும்போது, நடப்பில் உள்ள ஆராய்ச்சி மானியத்தின் முதன்மை ஆய்வாளர்களுக்கு, அவர்களே கேட்டால் தவிர, திட்டம் முடியும்வரை இட மாற்றம் இல்லை என்றும், பதவி உயர்வு வந்தால் அதே கல்லூரியிலேயே வழங்கப்படும் என்றும் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டுகிறேன். மானியம் பெற்று ஆய்வு நடத்திக்கொண்டிருப்பவர்களின் பட்டியல் ஐ.சி.எம்.ஆரிடம் தயாராக இருக்கிறது. கலந்தாய்வு தொடங்குவதற்கு முன் அதைச் சென்னைக்கு அனுப்பிவைக்குமாறு தலைமை இயக்குநர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பொது மருத்துவத் துறை ஆசிரியர்